நேட்டோ நாடாளுமன்றப் பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். வாஷிங்டனிலிருந்தும் ஐரோப்பியத் தலைநகரங்களிலிருந்தும் வந்து ஒரே அவையில் அமர்கிறவர்கள் நீங்கள் என்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவும் பல ஐரோப்பிய நாடுகளும் உள்ளிட்ட ராணுவக் கூட்டணியான நேட்டோ, ஐரோப்பாவுக்கு அமெரிக்கா வழங்கும் இலவசக் காவல் என்ற பேச்சு இன்று பரவலாகிவிட்டது. அது வரலாற்றுக்குப் பொருந்தாதது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகக் கொள்ளும், நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, 1949-இல் கையெழுத்தான நாள்முதல் இன்றுவரை ஒரே ஒரு முறைதான், அதுவும் அமெரிக்காவுக்காகத்தான், செயலுக்கு வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் மறுநாளே நட்பு நாடுகள் அம்முடிவை எடுத்தன. அக்டோபர் முதல் நேட்டோவின் ரேடார் விமானங்கள் அமெரிக்க வானைக் கண்காணித்தன. அத்தாக்குதலைத் தொடர்ந்து அமெரிக்கா தொடங்கிய ஆப்கானிஸ்தான் போரில் பிரிட்டன் 450-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அன்று ஏறத்தாழ 55 லட்சம் மக்களே வாழ்ந்த டென்மார்க் 40-க்கும் மேற்பட்டோரை இழந்தது. அந்த டென்மார்க்கின் முடியாட்சிக்குட்பட்ட கிரீன்லாந்தை அமெரிக்கா தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க அதிபரே பேசியது, எந்தப் பகைவனாலும் செய்ய முடியாத அளவுக்குக் கூட்டணியின் நம்பிக்கையைக் காயப்படுத்தியது.

ஆயினும் அமெரிக்காவின் மனக்குறை நியாயமானதே. பாதுகாப்புக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காடு ஒதுக்குவதென்று 2014-இல் வேல்ஸில் நடந்த நேட்டோ உச்சிமாநாட்டில் வாக்குறுதி அளித்த பல ஐரோப்பிய அரசுகள், உக்ரைன் மீது ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கும் வரை அதை நிறைவேற்றவில்லை. ஓராண்டுக்குள் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகளை உக்ரைனுக்கு அளிப்பதாக 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் கூறியது. கெடு முடிந்தபோது ஏறத்தாழ பாதியே போய்ச் சேர்ந்திருந்தது. பணம் இருந்தும் தொழிற்சாலைகள் ஆயத்தமாக இல்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது. உளவுச் செயற்கைக்கோள்களுக்கும், வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்கும் ஐரோப்பா இன்னமும் பெருமளவில் அமெரிக்காவையே நம்பியிருக்கிறது. இவற்றைச் சொந்தமாக உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆகவே ஐரோப்பிய உறுப்பினர்கள், 2035-க்குள் 5 விழுக்காடு என்று 2025-இல் ஹேக் நகரில் தங்கள் அரசுகள் அளித்த வாக்கை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டங்களில் சரிபார்க்க வேண்டும். அமெரிக்க உறுப்பினர்கள், செனட்டின் மூன்றில் இரு பங்கு ஒப்புதலோ காங்கிரஸின் சட்டமோ இன்றி அதிபர் நேட்டோவிலிருந்து விலக முடியாதென்று 2023-இல் இயற்றிய சட்டத்தை உறுதியாகக் காக்க வேண்டும். ஐரோப்பாவிலுள்ள படைகளைக் குறைப்பதாயின், மாற்று ஏற்பாடு ஆயத்தமாகும் வேகத்துக்கேற்ப, நட்பு நாடுகளுடன் முன்கூட்டியே கலந்து பேசி அதைச் செய்யுமாறு தங்கள் அரசை வலியுறுத்தவும் வேண்டும்.

இப்படிக்கு,
அக்கறையுள்ள ஒரு வாசகர்