வில்லி ஆன் கல்வெல்லோ

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. மகள் குவாட் ஸ்கேட்டில் (முன்னே இரண்டு, பின்னே இரண்டு சக்கரம் வைத்த காலணி) தடுமாறாமல் நிற்கப் பழகிவிட்டாள் என்பதில் ரொம்ப சந்தோஷம். அவளோடு உட்கார்ந்து பழைய ரோலர் டெர்பி (சக்கரக் காலணியில் வட்டத் தளத்தைச் சுற்றி இரண்டு அணிகள் மோதும் அமெரிக்க ஆட்டம்) ஒளிப்பதிவுகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய்; அந்த ஆட்டத்தின் வில்லியான ஆன் கல்வெல்லோ போன்ற ஒரு அடாவடிக்காரரை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். அடாவடியை அவரைப்போல் அளந்து செய்தவர்கள் ரொம்பக் குறைவு. அதுதான் காரணம்.

அவர் காலத்து ஆட்டம் புரிந்தால் இது விளங்கும். அணிக்கு ஐந்து பேர். ஜாம் என்கிற ஒரு சுற்று 60 விநாடி. ஜாமர், அதாவது புள்ளி எடுக்கும் ஆட்டக்காரர், கூட்டத்திலிருந்து முன்னே பாய்ந்து, தளத்தைச் சுற்றிவந்து, எதிரணியில் எத்தனை பேரைத் தாண்டுகிறாரோ அத்தனை புள்ளி. முன்னால் போகும் ஜாமர் இடுப்பில் கை வைத்துவிட்டால் ஜாம் அதோடு முடிந்தது. பெண்களும் ஆண்களும் மாறி மாறி இறங்குவார்கள். புள்ளிகள் ஒரே கணக்கில் சேரும். தோளாலும் இடுப்பாலும் இடிக்கலாம். முழங்கை, கால் தடுக்கல், பிடித்து இழுத்தல் எல்லாம் தப்பு. தப்புச் செய்தவர் வெளியே உட்கார, அணி ஒரு ஆள் குறைவாக ஓடும்.

வில்லியின் கணக்கு இங்கேதான் ஆரம்பம். தேவையில்லாத நேரத்தில் தப்புச் செய்து வெளியே போனால் சொந்த அணிக்கே நஷ்டம். நடுவர் பார்க்காமல் செய்தால் ஜனங்களும் பார்க்காமல் போகலாம். அரங்கம் முழுக்கப் பார்க்க வேண்டும், நடுவர் மட்டும் அரை நொடி தாமதமாகத் திரும்ப வேண்டும். அதனால் வெளிக் கம்பிவேலி ஓரம்தான் நல்ல இடம். தளம் அங்கே உயர்ந்திருக்கும், முதல் வரிசை ரசிகர்கள் கை நீட்டும் தூரத்தில் இருப்பார்கள். எதிராளியை மேலே ஏற்றி, கம்பியில் சாத்தி, பிறகு ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கையை விரிக்க வேண்டும். கூச்சல் அப்போது கிளம்பும்.

ஆட்டத்தில் நாடகம் கலந்திருந்தது உண்மை. ஆனால் மரப்பலகைத் தளத்தில் விழுவதில் நாடகம் இல்லை. மறுநாள் இரவு வேறு ஊரில் அதே ஆட்கள்தான் மோத வேண்டும். கதாநாயகியின் கணுக்கால் போனால் வில்லிக்கும் வேலை இல்லை. முழங்கால் மடங்கியிருக்கும் ஆளை இடித்தால் அவர் சறுக்கி விழுந்து எழுந்துவிடுவார். கால் நிமிர்ந்திருக்கும்போது இடித்தால் அப்படியே பின்பக்கம் சாய்ந்து தலை அடிபடும். உன் மகளுக்கும் இதைச் சொல்லு: விழும்போது முழங்கால் காப்பு முதலில் தரையைத் தொட வேண்டும், விரல்கள் முஷ்டியாக மடங்கியிருக்க வேண்டும். விரித்த விரல் மேல்தான் பின்னால் வருபவரின் சக்கரம் ஏறும்.

கல்வெல்லோ 1948இல் ஆட வந்தவர். எழுபது வயதைக் கடந்த பிறகும் தளத்தில் இறங்கினார். பலமுறை உடைந்த மூக்கு. ரசிகர்கள் ‘வாழைப்பழ மூக்கு’ என்று கத்துவார்கள், அவர் அதையே பட்டமாக வைத்துக்கொண்டார். வெயிலில் கறுத்த தோல், சிம்ம ராசிக்காரர் என்பதால் சிங்க நகைகள், ஒரு நாள் பச்சை ஒரு நாள் ஊதா என்று மாறும் தலைமுடி. அந்த முடிக்கும் வேலை உண்டு: கூட்டத்துக்கு நடுவில், கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

எதிர்ப்பக்கம் ஜோன் வெஸ்டன், பொன்னிற முடியும் உயரமுமாக, சான்பிரான்சிஸ்கோ பே பாம்பர்ஸ் அணியின் செல்லப்பிள்ளை. முதலாளி ஜெர்ரி செல்ட்சரின் வியாபாரமே இந்த இருவகை முகங்களை நம்பித்தான்: ஆட்டத்தை ஒளிப்பதிவு செய்து பல ஊர் டிவி நிலையங்களுக்கு அனுப்புவார், பிறகு அணியோடு அந்த ஊருக்கே போய் டிக்கெட் விற்பார். வெஸ்டன் ஜெயிப்பதைவிட கல்வெல்லோ வாங்கிக்கட்டிக்கொள்வதைப் பார்க்கவே பலரும் காசு கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். 1973 கடைசியில் செல்ட்சர் கடையை மூடினார். கல்வெல்லோ ஓய்வில்லாமல் வேறு அணிகளில் ஆடினார், பிற்காலத்தில் மளிகைக் கடையில் பை கட்டிக்கொடுக்கும் வேலையும் பார்த்தார். 2006 மார்ச்சில் புற்றுநோயில் இறந்தார். டெக்சாஸின் ஆஸ்டினில், வெளி ஓரம் உயர்ந்த சாய்தளத்தில் ஆடும் பெண்கள் லீக்கின் கோப்பைக்கு அவர் பெயர்தான், கல்வெல்லோ கோப்பை. கதாநாயகிக்கு அல்ல, வில்லிக்கு. அதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

அன்புடன்,
ராகவன்