பொருள்: நான் பார்க்காத இரண்டு ஆட்டங்களுக்கான பணம் (ஐந்தாவது கடிதம், இதுவே கடைசி)

அனுப்புநர்: பார்மா, ஒஹாயோ
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, டிக்கெட் விற்பனை நிறுவனம்
நாள்: 8 ஜனவரி 2018

ஐயா / அம்மா,

வணக்கம். தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் போட்டிருப்பதால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் வந்தது ஒரே பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி." நான் கருத்து சொல்லவில்லை. பணத்தைக் கேட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸ் இந்த சீசனில் 16 ஆட்டத்தில் 16-ம் தோற்றதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. 2016-ல் ஒன்றே ஒன்று ஜெயித்த அணி என்று தெரிந்துதான் ஆகஸ்டில் உங்கள் எட்டு ஆட்ட பேக்கேஜை வாங்கினேன். இரண்டு சீட், 1,040 டாலர். மறுபடியும் 1-15 (ஒரு வெற்றி, 15 தோல்வி) என்று ஆனால் ஈரி ஏரியில் குதிப்பேன் என்றார் பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன். அதைவிட மோசமாகவே ஆகிவிட்டது, மனிதர் இன்னும் குதிக்கவில்லை. அது அவருக்கும் ஏரிக்கும் உள்ள விவகாரம். என் விவகாரம் உங்களோடு.

"எட்டு சொந்த ஊர் ஆட்டங்கள்" என்று விற்றீர்கள். அதில் ஒன்று, அக்டோபர் 29 அன்று வைக்கிங்ஸ் அணியோடு ஆடிய ஆட்டம், லண்டன் டுவிக்கன்ஹாம் ஸ்டேடியத்தில் நடந்தது. அது லண்டனில் என்பது சீசன் தொடங்குவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். டிக்கெட் விற்பதையே தொழிலாக வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியாதா? அன்று காலை ஒன்பதரைக்கு என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில்தான் பார்த்தேன். 33-16 என்று தோற்றோம். சோபாவுக்கு 130 டாலரா?

இதைக் கேட்க நகரத்திலிருக்கும் உங்கள் கவுன்ட்டருக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். "ஆப்பில் வாங்கியதற்கு ஆப்பில்தான் கேட்க வேண்டும்" என்றார்கள். ஆப்பில் கேட்டால் போன் செய்யச் சொன்னது. போன் செய்தால் கவுன்ட்டருக்குப் போகச் சொன்னார்கள். பார்க்கிங்குக்கு மட்டும் 18 டாலர். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, லண்டனைக்கூட விட்டுவிடலாம். டிசம்பர் 10-ஐ எப்படி விடுவது?

பேக்கர்ஸ் அணியோடு ஆட்டம். ஒன்பது வயதுப் பையனோடு காலையிலேயே முனி லாட் என்கிற பார்க்கிங் இடத்தில் காரைப் போட்டு, குளிரில் நடந்து, பன்னிரண்டரைக்கு கேட்டில் நின்றேன். ஸ்கேன் செய்ததும் சிவப்பு விளக்கு. ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட டிக்கெட்டாம். எங்கள் சீட்டை நீங்கள் இன்னொருவருக்கும் விற்றிருக்கிறீர்கள்! உங்கள் எண்ணுக்கு அடித்தேன், நாற்பத்தேழு நிமிடம் பாட்டு ஓடியது. உள்ளிருந்து ஒரு பெரிய கூச்சல் கேட்டது. பையன் ஆரஞ்சுத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்பா, நாமளா போட்டோம்?" என்றான். ஆமாம், நாம்தான். நம் அணியின் ஜாஷ் கார்டன் 2013-க்குப் பிறகு போட்ட முதல் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் பெறும் புள்ளிகள்). எங்களுக்கு அது சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்.

நீங்கள் வேறு சீட் அனுப்பி நாங்கள் உள்ளே போகும்போது நான்கு குவார்ட்டரில் மூன்று முடிந்துவிட்டது. போர்டில் 21-7, நாம் முன்னிலை! அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நாம் உதைத்த பந்தைப் பிடித்து அவர்கள் 65 யார்டு திரும்ப ஓடியது, கடைசி நிமிடத்தில் சமன், ஓவர்டைமில் நம் கைசர் எறிந்த பந்தை எதிரணி பிடித்தது, பேக்கர்ஸின் டாவன்டே ஆடம்ஸ் டச்டவுன், 27-21 என்று தோல்வி. சீசன் முழுக்க சந்தோஷமாக இருக்கக் கிடைத்ததே அந்த மூன்று குவார்ட்டர்தான். அதைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துக் கழித்துவிட்டு, அழுகிற கட்டத்துக்குச் சரியாக உள்ளே அனுப்பினீர்கள். இந்த நஷ்டத்தை டாலரில் சொல்ல முடியாது. இருந்தாலும் 130 என்று வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் பேசிய உங்கள் சென்னை ஊழியருக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களேதான் சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லி முடித்தேன். அவர் சொன்னார்: "சார், அந்த டீம் எப்படியும் தோத்துதானே போச்சு. நீங்க முதல்லயே உள்ள போயிருந்தா மட்டும் ஜெயிச்சிருக்குமா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். லண்டனைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுவும் ஹோம் கேம்தான் சார், நீங்கதான் போகலை" என்றார்.

தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். அக்டோபர் 22, டைட்டன்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் ஒழுங்காகத் திறந்தது. 2007-லிருந்து ஒரு ஸ்னாப்கூட (ஒவ்வொரு முறை பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) விடாமல், தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் ஆடிய நம் வீரர் ஜோ தாமஸ் அன்றுதான் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன் இல்லாமல் 9-12 என்று தோற்றோம். அதற்கு நான் உங்களுக்குப் போன் செய்தேனா? தோற்பதைப் பார்க்கத்தான் காசு கொடுத்தேன். அதையாவது முழுசாகக் காட்டியிருக்கலாம்.

முந்தாநாள் சனிக்கிழமை ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனோம், நம் வெற்றிக் கணக்கான பூஜ்ஜியம் மாதிரி ஒரு வட்டம். பல் கிட்டிக்கிற குளிர். ஆயிரக்கணக்கானவர்களை யாரும் ஸ்கேன் செய்யவில்லை, ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை, வசூலான பணம் உணவு வங்கிக்குப் போனது. அதை நடத்தியது உங்களைப் போல பெரிய நிறுவனம் இல்லை, ஒரு ரசிகர்.

ஆகவே தயவுகூர்ந்து 260 டாலரையும் பார்க்கிங் 18-ஐயும் திருப்பித் தாருங்கள். பதினான்கு நாள் காத்திருப்பேன். அதன் பிறகு ஒஹாயோ அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார், கிரெடிட் கார்டு வங்கியில் ஆட்சேபணை, தேவைப்பட்டால் பார்மா கோர்ட்டில் சிறு வழக்கு. மூன்றுக்கும் படிவங்களை நிரப்பி வைத்துவிட்டேன். சிவப்பு விளக்கின் போட்டோவும் அழைப்பு விவரங்களும் இத்துடன் உள்ளன. நீங்களே முடித்துக்கொடுத்தால் எனக்கும் நிம்மதி.

இப்படிக்கு,
பார்மா வாடிக்கையாளர்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த சீசனுக்கு இப்போதே புதுப்பித்தால் 10 சதவீதம் தள்ளுபடி என்று உங்கள் ஆப்பில் செய்தி வந்தது. எட்டும் கிளீவ்லாந்திலேயே நடக்குமா என்பதை மட்டும் எழுத்தில் தெரிவிக்கவும்.