சுவிட்ச் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். 'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்' (2014) ஓர் அரசியல் த்ரில்லராகத் தேறியதற்குக் கட்டுரையாளர் சொல்லும் காரணங்கள்தான் உறுத்துகின்றன. பறக்கிற சாகசம் குறைவாம், கைகலப்பு அதிகமாம், படம் முழுக்கச் சாம்பல் நிறமாம், கதை நடப்பது வாஷிங்டனாம். இதெல்லாம் மேல் உடுப்பு. வண்ணத்தைக் குறைத்துத் துப்பாக்கியைக் கூட்டினால் அரசியல் வந்துவிடும் என்றால், உலகத்தில் பாதி அடிதடிப் படங்கள் அரசியல் படங்களாகியிருக்கும்.

அந்தப் படம் நிற்பதற்கு நான் நினைக்கும் காரணம் வேறு. நாயகனின் பலத்தால் ஒன்றும் ஆகாத இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ் யாரை வேண்டுமானாலும் தூக்கி எறியலாம். ஆனால் குழு கூடி, நிதி ஒதுக்கி, கையெழுத்துப் போட்டு நிறைவேற்றிய ஒரு திட்டத்தை எந்தக் கேடயத்தால் அடிப்பது?

படத்தின் தொடக்கப் பகுதியில், ஷீல்டு என்ற உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃப்யூரி அவனைத் தரைக்கடியில் அழைத்துப் போய் மூன்று பிரம்மாண்டமான பறக்கும் போர்க்கப்பல்களைக் காட்டுகிறார். செயற்கைக்கோள்களோடு இணைத்து, நிமிடத்துக்கு ஆயிரம் எதிரிகளை ஒழிக்கக்கூடியவை என்று பெருமையாகவே சொல்கிறார். குற்றம் நடந்த பிறகுதானே தண்டனை என்று ஸ்டீவ் கேட்டால், அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்கிறார். இத்தனைக்கும் ஃப்யூரி இந்தப் படத்தில் நல்லவர்! வில்லன் இன்னும் வரவேயில்லை, அதற்குள் தப்பு நடந்து முடிந்துவிட்டது.

இதை எழுதியவர்களுக்குக் கற்பனை அதிகம் தேவைப்பட்டிருக்காது. ட்ரோன் தாக்குதலில் யாரைக் கொல்வது என்ற பட்டியலை அதிபர் ஒபாமாவே பார்த்து ஒப்புதல் தருகிறார் என்ற செய்தி 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் வந்தது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 2013 ஜூனில் அமெரிக்க அரசு மக்களைக் கண்காணிப்பதை அம்பலப்படுத்தி எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் வரத் தொடங்கின. படம் திரைக்கு வந்தபோது, தன் தொலைபேசி விவரம் எங்கோ சேமிக்கப்படுகிறது என்று அமெரிக்க ரசிகனுக்கு ஏற்கெனவே தெரியும்.

அதனால்தான் சிட்வெல் என்ற அதிகாரி மொட்டைமாடியில் ஒப்பிக்கும் பட்டியல் அப்படித் தைக்கிறது. மாடியிலிருந்து உதைத்துத் தள்ளி, பாதி வழியில் ஸ்டீவின் பறக்கும் நண்பன் ஃபால்கன் பிடித்து மேலே கொண்டுவந்து போட்ட பிறகுதான் ஆள் வாய் திறக்கிறார். வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, ஓட்டுப்போடும் பழக்கம், மின்னஞ்சல், தொலைபேசி, பள்ளிக்கூடத் தேர்வு மதிப்பெண் வரைக்கும் எடுத்துக்கொண்டு, நாளை யார் தொந்தரவு கொடுப்பார்கள் என்று ஓர் அல்காரிதம் கணித்துவிடுமாம். பட்டியலில் பயங்கரவாதி யாரும் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். வகுப்பில் நன்றாகப் படித்த பையன் போதும்.

இனி அலெக்சாண்டர் பியர்ஸ்; ஃப்யூரிக்கும் மேலதிகாரி, படத்தின் வில்லன். உலகப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் அவர் சிங் என்ற இந்திய உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். நாளைக்கே பாகிஸ்தான் படை மும்பைக்குள் புகுந்து, உங்கள் பெண்களைக் கால்பந்து மைதானத்துக்கு இழுத்துப்போய்ச் சுடப்போகிறது. ஒரு சுவிட்சைத் தட்டி நீங்கள் அதைத் தடுக்கலாம் என்றால் தட்ட மாட்டீர்களா? கேள்வியை எவ்வளவு சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் பாருங்கள். மும்பை என்ற பெயரைக் கேட்டதுமே நம் ஊர் ரசிகனுக்கு 2008 நவம்பர் நினைவுக்கு வரும்; கை தானாகச் சுவிட்சைத் தேடும். சிங்கின் பதில், அது உங்கள் சுவிட்சாக இருந்தால் தட்ட மாட்டேன் என்பது. சண்டைக் காட்சிகள் அத்தனையும் சேர்ந்து சொல்லாததை இந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது. கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பியர்ஸாக ராபர்ட் ரெட்ஃபோர்டைப் போட்டதைக் கட்டுரை 'நட்சத்திர மதிப்பு' என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. அதிபர் நிக்சன் சிக்கிய வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த நிருபர் பாப் உட்வர்டாக 1976-இல் நடித்த முகம் அது. அதற்கு முந்தைய ஆண்டு 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர்' படத்தில், சாப்பாடு வாங்க வெளியே போய்த் திரும்பும்போது அலுவலகத்தில் அத்தனை பேரும் பிணமாகக் கிடப்பதைக் காணும் சிஐஏ ஊழியர் அவர்தான். அதிகாரத்திடமிருந்து தப்பி ஓடியவராக ஒரு தலைமுறைக்குப் பழக்கமான அந்த முகத்தையே அதிகார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பியர்ஸ் நோபல் அமைதிப் பரிசையே வேண்டாம் என்றவர். அமைதி சாதனை இல்லை, பொறுப்பு என்று சொன்னவர். ரெட்ஃபோர்டின் வாயில் வந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

ஒரு காட்சியை மட்டும் சற்று விரித்துச் சொல்ல ஆசை. இரவு, பியர்ஸ் வீட்டுச் சமையலறை. குளிர்பெட்டியைத் திறந்து பால் எடுக்கிறார். இருட்டில் மேசையருகே, அவர் ஏவும் கொலையாளி விண்டர் சோல்ஜர் உட்கார்ந்திருக்கிறான், துப்பாக்கி மேசைமேல். பால் வேண்டுமா என்று அவனைக் கேட்டுவிட்டு, யாரைக் கொல்ல வேண்டும் என்று சொல்கிறார். வேலைக்கார அம்மா மறந்துவிட்டுப் போன கைபேசியை எடுக்கத் திரும்பி வருகிறாள். கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கலாமே ரெனாட்டா என்று உண்மையாகவே வருத்தப்பட்டுச் சுட்டுவிடுகிறார். எழுநூறு கோடிப் பேரின் வாழ்க்கையை ஒழுங்குபடுத்த இரண்டு கோடிப் பேரைப் பலியிடலாம் என்று பின்னால் கணக்குச் சொல்லப்போகிறவர் இவர். அந்தக் கணக்கின் முதல் ஆள் ரெனாட்டா.

படத்தில் பெரிய வீரம் யாருடையது என்று கேட்டால் கணினி முன் உட்கார்ந்திருக்கும் அந்த ஒல்லி ஊழியனுடையது என்பேன். கப்பல்களைக் கிளப்பச் சொல்லித் தலையில் துப்பாக்கி வைக்கிறார்கள். உடம்பு நடுங்க, கேப்டன் உத்தரவு, மாட்டேன் என்கிறான். கப்பல்கள் எப்படியும் கிளம்பிவிடுகின்றன, அது வேறு. ஆனால் எந்தத் திட்டமும் கடைசியில் ஒரு சம்பளக்காரனின் விரலுக்கு வந்து நிற்கும் என்று காட்டிய சூப்பர் ஹீரோ படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. லிஃப்ட் சண்டையைப் பற்றிக் கட்டுரையில் அரைப் பக்கம் இருந்ததால் நான் அதற்குள் போகவில்லை. அடி விழுவதற்கு முன், மாடிக்கு மாடி ஆள் ஏறுவதும், ஒருவன் நெற்றியில் வியர்வை வழிவதும்தான் அதில் த்ரில்லர்.

படம் சறுக்கும் இடமும் இருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதையாக நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை, மேய்ந்தது வேலி இல்லை, உள்ளே புகுந்த வெளியூர் மாடு என்று மாற்றிவிட்டார்கள். எல்லாம் நாஜிகளிலிருந்து முளைத்த ஹைட்ராவின் வேலையாம். இதில் பாதி உண்மை உண்டு. போருக்குப் பிறகு 'ஆபரேஷன் பேப்பர்கிளிப்' என்ற பெயரில் ஜெர்மன் விஞ்ஞானிகளை அமெரிக்காவே கூட்டி வந்தது. ஹிட்லருக்கு வி-2 ஏவுகணை செய்த வெர்னர் வான் பிரான்தான் பின்னால் நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டைச் செய்தார். படத்தின் டாக்டர் ஸோலா அந்த வழியாகத்தான் ஷீல்டுக்குள் நுழைகிறார். ஆனாலும் ஹைட்ரா என்ற பெயர் விழுந்த நொடியே அமெரிக்க அதிகாரிகள் அத்தனை பேருக்கும் ஒரு சால்ஜாப்பு கிடைத்துவிடுகிறது. ஹைட்ரா இல்லாவிட்டாலும் ஃப்யூரி அந்தக் கப்பல்களைக் கட்டித்தான் இருப்பார்.

காமிக்ஸில் இதைவிடத் துணிச்சல் இருந்திருக்கிறது. வாட்டர்கேட் கொதித்துக்கொண்டிருந்த 1974-இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய கதையில், சதிக்கூட்டத்தின் தலைவனைத் துரத்திக்கொண்டு போகும் கேப்டன் அமெரிக்கா வெள்ளை மாளிகைக்குள்ளேயே அவன் முகமூடியைக் கழற்றுகிறான். முகத்தை வாசகருக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லை. அதன் பிறகு ஸ்டீவ் தேசக்கொடி உடுப்பையே கழற்றி வைத்துவிட்டு 'நோமாட்' என்ற பெயரில் திரிந்தான். பழியைப் போட அங்கே நாஜி யாரும் இல்லை.

'தி டார்க் நைட்' (2008) படத்தைக் கட்டுரையாளர் இதற்கு இணையாக வைத்திருப்பதையும் ஏற்க முடியவில்லை. ஊர்க்காரர்களின் கைபேசிகளையெல்லாம் ஒட்டுக்கேட்பது அங்கே நாயகன் பேட்மேனே. ஒரே ஒருமுறை, நல்ல காரியத்துக்கு, அப்புறம் கருவி அழிந்துவிடும். பியர்ஸின் சுவிட்சை நல்லவன் கையில் கொடுத்துவிட்டு நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புகிற படம் அது. கேப்டன் அமெரிக்கா வரிசையின் அடுத்த படமான 'சிவில் வார்' (2016) 117 நாடுகளின் ஒப்பந்தத்தில் தொடங்கி, அயர்ன் மேனின் பெற்றோரைக் கொன்றது யார் என்ற சொந்தப் பகையில் முடிந்துபோனது.

கடைசியாக ஒன்று. 'காண்டர்' படத்தின் முடிவில் ரெட்ஃபோர்ட் எல்லா ரகசியத்தையும் நியூயார்க் டைம்ஸிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்வார். அவர்கள் அச்சிடுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று சிஐஏ அதிகாரி திருப்பிக் கேட்பார். படம் அங்கேயே நின்றுவிடும். 2014 படத்தில் ஸ்டீவின் கூட்டாளி நடாஷா ஷீல்டின் அத்தனை கோப்புகளையும் இணையத்தில் கொட்டுகிறாள், உலகமே உடனே படித்துவிடுகிறது, விசாரணைக் குழு முன் நாலு வார்த்தை பேசிவிட்டு அவள் எழுந்து போகிறாள், கைது செய்ய ஆளில்லை. நிஜத்தில் கோப்புகளை வெளியிட்ட ஸ்னோடென் 2013-இல் ஒரு மாதத்துக்கும் மேல் மாஸ்கோ விமான நிலையத்தில் முடங்கிக் கிடந்தார். கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் என்ன மாறிப்போனது என்று கட்டுரையாளர் எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருச்சி.