தலையாட்டிவிட்டு விலகுகிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒன்பது ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்தவன் நான். எங்கள் துறையில் மூன்று பேர் அடுத்தடுத்து விலகியபோது, 'சம்பளம் போதவில்லை போல' என்று நிர்வாகம் முடித்துக்கொண்டது. பாதிதான் உண்மை. கால அட்டவணை பற்றிக் கூட்டத்தில் ஒருவர் வாய் திறந்தார். அடுத்த பருவத்தில் சனிக்கிழமை வகுப்பெல்லாம் அவர் தலையில் விழுந்தது. மாணவர் முன்னாலேயே ஆசிரியர்களை ஒருமையில் அழைக்கும் துறைத்தலைவரை யாரும் தட்டிக் கேட்கவில்லை. அப்புறம் யார் பேசுவார்கள்? கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, டீக்கடையில் நின்று வேறு வேலை விசாரித்தோம். நானும்தான்.

மனக்குறை உள்ளவர் பேசுவார், இல்லையேல் வெளியேறுவார் என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-லேயே எழுதினார். 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் பாலியல் புகார்களுக்கு உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சரி, அன்றாட அவமதிப்பை எங்கே போய்ச் சொல்வது? விலகுகிறவரிடம் கடைசி நாளில் ஒரு படிவத்தை நீட்டி, ஏன் போகிறீர்கள் என்கிறார்கள். அதே கேள்வியை வேலையில் இருக்கும்போதே, பதில் துறைத்தலைவர் கைக்குப் போகாதபடி கேட்கலாமே.

– ஒரு முன்னாள் விரிவுரையாளர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்