புத்தகத்தைக் கையில் எடு, மேரி

அன்புள்ள மேரி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலாம். மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. உன் வீட்டுக்காரர் கம்பத்துக்கே மாற்றல் வாங்கிவிட்டார் என்று சாந்தி சொன்னாள். சனிக்கிழமை பஸ்ஸுக்கு ஓடுகிற கஷ்டம் தீர்ந்தது, நிம்மதி. கருப்பட்டி பேத்தி எடுத்துவிட்டாள், தெரியுமா? அப்படியே அதே மூக்காம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் குரல் பதிவைக் கேட்டேன். பழைய மாணவர் ஒருவர் உன் பள்ளிக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வாங்கித் தருகிறார் என்பதில் எனக்கே லாட்டரி விழுந்த சந்தோஷம். “லிஸ்ட் ஒண்ணு அனுப்புடி, உனக்குத்தான் இந்தப் பைத்தியம்” என்றாய். அனுப்புகிறேன். ஆனால் கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே, “எனக்கு எதுக்குடி புத்தகம், நான் வாயாலேயே சொல்லிருவேன், பீரோவில வைக்கத்தான்” என்று? அது என்னைத் தூங்கவிடவில்லை. குரல் பதிவில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ கதை சொல்கிற அழகு நம் செட்டில் யாருக்கும் வராது. பயிற்சிப் பள்ளி விடுதியில் நீ நரியாக ஊளையிட்டதற்கு வார்டன் டார்ச்சும் கம்புமாக ஓடிவந்த ராத்திரியை இன்றைக்கும் சாந்தி நடித்துக் காட்டுகிறாள். அந்த வாயை மூடச் சொல்லவில்லை. தினமும் சொல். ஆனால் கதை சொல்வது ஒன்று, புத்தகத்தைப் பிரித்து வாசித்துக் காட்டுவது இன்னொன்று. முதலாவதைச் செய்கிறவர்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அதுதான் என் சண்டை.

“ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்” என்றுதான் நீ சொல்வாய். பிள்ளை நாளைக்குப் புத்தகத்தில் பார்க்கப் போவது “ஓர் ஊரில் ஒரு நரி வாழ்ந்து வந்தது”. ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளையின் வீட்டில் பேப்பர் கிடையாது, ரேடியோ செய்தி கிடையாது. ‘வாழ்ந்து வந்தது’, ‘சென்றுகொண்டிருந்தபோது’ என்பதையெல்லாம் அது எங்கே கேட்டிருக்கும்? 2022இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு எங்கள் பள்ளியில் எழுத்து நன்றாகவே வருகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் செ, ன், று என்று கூட்டிக்கொண்டே போய், முடிவில் அது என்ன சொல் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிற பிள்ளைகளை நீயும்தான் பார்த்திருப்பாய். முன்பே காதில் விழுந்த சொல் என்றால் பாதி கூட்டும்போதே மீதியை வாய் முடித்துவிடும். காதில் விழாத சொல்லைக் கண் எத்தனை தடவை பார்த்தாலும் பிடிபடாது.

அதனால் வாசிக்கும்போது நான் புத்தகத்தில் இருக்கிற வாக்கியத்தை மாற்றுவதில்லை. ‘சென்றான்’ என்றிருந்தால் சென்றான்தான். நரியும் காக்காயும் பேசுகிற இடத்தில் மட்டும் நம் ஊர்ப் பேச்சாக்கிக்கொள்வேன். புரியாது என்று பயப்படாதே. முகமும் குரலும் படமும் சேர்ந்து புரியவைத்துவிடும். போன மாதம் திடீரென்று மழை பிடித்தது. ஜன்னல் பக்கம் உட்காருகிற வாண்டு ஒன்று, இன்னும் உயிர்மெய்யே முழுதாகத் தெரியாதவன், எழுந்து நின்று “டீச்சர்! மழை பெய்யத் தொடங்கியது!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மேரி. எந்தப் பயிற்சித்தாளும் அந்த வாக்கியத்தை அவன் வாயில் வைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீ சொன்னால் கதை மேரி டீச்சரிடமிருந்து வருகிறது. நீ ரிட்டயர் ஆனால் கதையும் கூடவே போய்விடும். வாசித்தால் அது புத்தகத்திலிருந்து வருவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. மணி அடித்ததும் மேசைக்கு வந்து, அதே புத்தகத்தை எடுத்து, அதே பக்கத்தைப் பிரித்து, விரலை ஓட்டிக்கொண்டு ‘வாசிக்கிறது’. நீ எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் சொன்ன கதையைப் பிள்ளை கையில் எடுத்துப் பார்க்க முடியாது.

இப்போது புத்தகம் வாங்குவதைப் பற்றி. அரசின் வாசிப்பு இயக்கத்தில் கொடுத்த சின்னப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்தவை, உன் பள்ளியிலும் இருக்கும். அவை பிள்ளை தானாக வாசிக்க. நீ வாசித்துக் காட்டுவது அதற்கு ஒன்றிரண்டு படி மேலே இருக்க வேண்டும். ஜிம் ட்ரிலீஸ் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரர், பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசிப்பதைப் பற்றியே ஒரு கையேடு எழுதி 1979இல் தானே அச்சிட்டார். 1982இல் பெங்குவின் வெளியிட்ட பிறகு அது உலகம் முழுக்கப் போனது. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் எட்டிப் பிடிப்பது எட்டாம் வகுப்பு வாக்கில்தான் என்பார் அவர். அதுவரை காது முன்னால் போகிறது, கண் பின்னால் வருகிறது. ரெண்டாம் வகுப்புதானே, ரெண்டு வரிக் கதை போதும் என்று வாங்கிவிடாதே.

வாங்குமுன் சத்தம் போட்டு ஒரு பக்கம் வாசி. இதுதான் பரீட்சை. “தன் தாயால் கொடுக்கப்பட்ட சிவப்பு நிறத் தொப்பியை அணிந்திருந்த அந்தச் சிறுமியானவள்” என்று ஒரு வாக்கியம் ஓடினால் அங்கேயே மூடிவை. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. உனக்கே மூச்சு முட்டுகிற வாக்கியத்தில் பின் வரிசைப் பையன் எப்போதோ எழுந்து போயிருப்பான்.

நம் ஈ கதையை யோசித்துப் பார். பெயர் மறந்த ஈ. “கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே…” ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடிக்கொண்டே போகும். அடுத்தது என்ன என்று பிள்ளைக்குத் தெரியும், ஆனாலும் வரப்போகிறதே என்று துடிக்கும். குதிரை கனைத்து ‘ஈ’ என்றதும் வகுப்பே கனைக்கும். பாட்டிகள் வாயில் இருந்த இந்தக் கட்டுமானம்தான் சின்ன வகுப்புக்கு அச்சடித்த புத்தகத்திலும் வேண்டும். திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி, பிள்ளைகள் சேர்ந்து கத்த ஓர் இடம். துலிகா வெளியிட்ட ‘கஜபதி குலபதி’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். அசோக் ராஜகோபாலன் எழுதி அவரே படமும் போட்டது. பெரிய யானைக்கு ஜலதோஷம், வரப்போகிறது ஒரு தும்மல். அந்தப் பெயரையே வாய் நிறையச் சொல்லிப் பார். என் ஒன்றாம் வகுப்பு அதை எத்தனை முறை கேட்டிருக்கும் என்று கணக்கே இல்லை. மறுபடி வாசி என்று பிள்ளை கேட்டால் வாசித்துவிடு. ‘அதுதான் முடிஞ்சு போச்சே’ என்று சொல்லாதே. ரெண்டாம் தடவைதான் படத்தின் மூலையில் இருப்பதெல்லாம் தெரியவரும்.

அழ. வள்ளியப்பா பாட்டுத் தொகுப்பு ஒன்று கட்டாயம். நாம் படித்ததுதானே என்று தள்ளிவிடாதே, இந்தப் பிள்ளைகள் படிக்கவில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன், பஸ் ஸ்டாண்டு கடையில் செட்டாகக் கட்டி விற்கிற நீதிக்கதைப் புத்தகங்களை மட்டும் வாங்கிவிடாதே. எங்கள் பள்ளிக்கும் ஒரு நல்ல மனிதர் அப்படி ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தார். வழவழத்தாள். ஒரே சிங்கம் மூன்று பக்கத்தில் மூன்று நிறம். கடைசியில் கட்டம் போட்டு ‘நீதி’. அந்தக் கட்டத்துக்குப் பழகிய பிள்ளைகள் கதையைக் கேட்பதில்லை, கட்டத்துக்காகக் காத்திருக்கிறார்கள். எந்தக் கதை முடிந்தாலும் “பொய் சொல்லக் கூடாது டீச்சர்!” என்று ஒரே குரலில் பதில். யானை தும்மின கதைக்கும் அதே பதில்தான்! அதிலிருந்து கதை முடிந்தால் நான் ஒன்றுமே கேட்பதில்லை. புத்தகத்தை மூடாமல் கடைசிப் படத்தோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சுதான் எனக்கு வேண்டும்.

கேலியையும் கவனி. ‘குண்டன்’ என்று ஒருவனை வைத்துச் சிரிக்கவைக்கிற கதையை வகுப்பில் வாசித்தால், அன்றைக்குச் சாயங்காலமே உன் வகுப்பில் ஒரு பையனுக்கு அது பெயராகிவிடும். கறுப்பாக இருந்த ராட்சசி, சிவப்பாக இருந்த இளவரசி என்று வந்தாலும் அப்படித்தான். கொடுமைக்காரச் சித்தி கதையும் எனக்கு வேண்டாம். சித்தி கையில் சாப்பிட்டு, சித்தி பின்னிவிட்ட சடையோடு வருகிற பிள்ளை என் முன் வரிசையில் இருக்கிறாள். தனியாக வாசிக்கும்போது கடந்துபோகிற வரி, முப்பது பேருக்கு நடுவில் சத்தமாகக் கேட்டால் வேறு மாதிரி விழும்.

படம் பெரிதாக இருக்கட்டும். உள்ளங்கை அளவுப் புத்தகம் பின் வரிசைக்குத் தெரியாது, முன்னால் எட்டிப் பார்க்கிறதிலேயே சண்டை வரும். தோளுக்குப் பக்கத்தில் படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்றால் பாதி வரி மனப்பாடமாக இருக்க வேண்டும், அதற்கு முந்தின ராத்திரி வீட்டில் வாசித்துவிடு. ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதா உனக்கு? பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, திரையில் பெரிதாகப் போடலாம். மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே தரம் இல்லை, அதே வாய்ப் பரீட்சை வைத்துப் பொறுக்கிக்கொள். ஆனால் திரை மட்டுமே போதாது. தொட்டுப் பார்க்கப் புத்தகம் வேண்டும்.

நாலு, அஞ்சுக்கு ‘டோட்டோ-சான்’தான். ஜப்பானியப் புத்தகம், என்.பி.டி. (நேஷனல் புக் டிரஸ்ட்) போட்ட தமிழ் இருக்கிறது. தினமும் கடைசிப் பாடவேளையில் ஓர் அத்தியாயம். டெட்சுகோ குரோயாநாகி, சின்ன வயதில் தான் படித்த பள்ளியைப் பற்றி எழுதியது, 1981இல் வந்தது. ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிறது என்றதும் எங்கள் பிள்ளைகள் சாத்தூர் ஸ்டேஷனிலிருந்து பழைய பெட்டி ஒன்று கேட்டு கலெக்டருக்கு மனு எழுதத் தயாராகிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டில் ‘கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்’ இருக்கிறதா என்று அந்தத் தலைமையாசிரியர் கோபயாஷி பார்ப்பாரே, அதைப் பிடித்துக்கொண்டு சத்துணவுத் தட்டில் ஒரு வாரம் விசாரணை. சாம்பாரில் உப்பு இருக்கிறது, அது கடல் என்று ஒருத்தி நிரூபித்துவிட்டாள். முட்டை எதில் சேர்த்தி என்று இன்னும் முடிவாகவில்லை. கழிவறைக் குழியில் விழுந்த பர்ஸைத் தேடி டோட்டோ-சான் எல்லாவற்றையும் அள்ளி வெளியே குவிக்கும்போது, முடிந்ததும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார் அந்த மனிதர். “திட்டலையா டீச்சர்? நிஜமாவே திட்டலையா?” என்று என்னைத் துளைத்துவிட்டார்கள்.

இனிமேல்தான் உன்னிடம் கேட்க வந்தது. அந்தப் புத்தகத்தில் போலியோ வந்த யசுவாகி-சான் இருக்கிறானே, அவனை டோட்டோ-சான் தன் மரத்தில் ஏற்றிவிடுகிற அத்தியாயத்தை வாசித்தபோது வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. பின்னால் அவன் செத்துப்போகிறான். தலைமையாசிரியரே பிள்ளைகளிடம் சொல்கிற இடம் வருகிறது. எங்கள் அஞ்சாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். போன வருஷம் பட்டாசு ஆலை விபத்தில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் அழுது நான் பார்த்ததில்லை. யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசுவதும் இல்லை, நாங்கள் பெரியவர்கள் உட்பட. யசுவாகி என்றால் அவளுக்கு உயிர். அவன் வருகிற பக்கமெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாமா? புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டுகிற பிள்ளை அவள், எப்படியும் கண்டுபிடிப்பாள். டீச்சர் நம்மிடம் மறைத்தார் என்று நினைப்பாள். முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா? எல்லாருக்கும் வாசிக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாசிக்கலாமா? எனக்கு வாசித்துவிட வேண்டும் என்றுதான் படுகிறது. சாவு என்ற சொல்லையே சுற்றி நடந்து அவளைத் தனியாக விட்டுவிட்டோமோ என்று ராத்திரியெல்லாம் யோசனை. ஆனால் பயமாகவும் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு உன்னை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்களே, அப்போது நீ அந்தப் பிள்ளைகளோடு இருந்தாய். நீ என்னை விட அறிவாய்.

உன் பத்தாயிரத்துக்கு: எல்லாப் புத்தகமும் ஒவ்வொன்று என்று நூறு வாங்காதே. வாசித்துக் காட்டப் போவதை ரெண்டு ரெண்டாக வாங்கு, ஒன்று வீட்டுக்குப் போகட்டும். துலிகா, பிரதம், என்.பி.டி., பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’, இந்த நாலு இடத்தில் தேடினாலே போதும். பீரோவில் பூட்டாதே, கயிறு கட்டித் தொங்கவிடு, கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். மதுரைப் புத்தகத் திருவிழாவுக்கு நானும் வருகிறேன், ஸ்டாலில் நின்று ரெண்டு பேரும் சத்தமாகவே வாசித்துப் பார்த்து வாங்குவோம். நீ ஊளை மட்டும் விடாமல் இருந்தால் சரி. பில் பள்ளிப் பெயரில் போடச் சொல்லி வாங்கிக்கொள்.

லிஸ்ட்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். யசுவாகி விஷயத்துக்கு மட்டும் கடிதம் கிடைத்ததும் போன் போடு. திங்கட்கிழமை அந்த அத்தியாயம் வருகிறது.

அன்புடன்,
தனம்