நாற்காலித் தொழிலும் சாரல் மாதங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன உறுதியோடு 21 நாள் விடாமல் செய்தால் உடற்பயிற்சி பழக்கமாகிவிடும் என்று தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை கூறியது. செங்கோட்டையில் நெடுங்காலமாகப் பத்திர எழுத்தராக இருக்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை.

1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூரோடும் பின் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், கொல்லம் ஆண்டு எனும் மலையாள ஆண்டிட்ட மூல ஆவணங்கள் இன்றும் எங்கள் மேசைக்கு வருகின்றன. அவற்றின் நான்கு எல்லைகளையும் ஒத்துப் பார்க்கக் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் எழுவேன். முகூர்த்த நாளில் அதுவும் இல்லை. சர்க்கரை நோய் வந்தபின் மூன்று முறை அதிகாலை நடையைத் தொடங்கினேன். மூன்று முறையும் ஆனியில் சாரல் இறங்கியதும் அது நின்றது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் அந்த மழை குற்றாலத்துக்கு வருவோருக்கு இன்பம்; வழுக்கும் தெருவில் குடையோடு ஒரு மணி நேரம் நடக்க வேண்டியவனுக்கு அப்படியன்று. பதிவுகள் குறைந்து ஓய்வு கிடைக்கும் ஆடியிலும் இதே கதைதான்.

நான்காம் முறை, உறுதியை நம்பாமல் ஏற்பாட்டை மாற்றினேன். மதிய உணவுக்குக் கை கழுவியதும் பத்து நிமிடம் நடப்பது, மழையென்றால் கட்டடத்தின் தாழ்வாரத்திலேயே நடப்பது, கட்சிக்காரருக்கு வரைவை நின்றுகொண்டே வாசித்துக் காட்டுவது என்று, எப்படியும் நடக்கும் வேலைகளோடு பயிற்சியைச் சேர்த்துக் கட்டினேன். இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், உணவுக்குப் பிந்தைய நடை எனக்கு இரட்டிப்புப் பயன். இரண்டு சாரல் காலங்களைக் கடந்தும் இது நிற்கவில்லை.

21 நாள் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபாடு இருந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் கெடுதலில்லை என்பதும் அதில் தெரியவந்தது. இது முன்பே தெரிந்திருந்தால், 22ஆம் நாளும் சோம்பல் வந்ததற்காக என்னையே நொந்துகொண்டிருக்க மாட்டேன்.

வாரம் 150 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனம், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தாக வேண்டும் என்ற பழைய விதியை 2020 வழிகாட்டுதலில் கைவிட்டது. ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாதவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி இல்லை. கட்டுரையாளர் ஏனோ இதைச் சொல்லாமல் விட்டார்.

அதே வழிகாட்டுதல் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. அதில் நான் இன்னும் தேறவில்லை. நாற்காலியை விட்டு நகர முடியாத தொழில் செய்வோருக்கு ஏற்றபடி, மருத்துவர் ஒருவரைக் கொண்டு இது குறித்து எழுதச் செய்ய வேண்டுகிறேன். தரையில் உட்கார்ந்து எழ முழங்கால் இடங்கொடாத என் வயதினரையும் அவர் நினைவில் கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
செங்கோட்டை.