எழுதிவிட்டு அப்புறம் பணத்தைக் கொடு

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் நேற்று பாமணி ஆற்றுக்கு வந்துவிட்டது. அப்பா விடியற்காலையிலேயே நாற்றங்காலுக்குப் போய்விட்டார்.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு பிளாக்செயினுக்குக் கணினி நிரல் எழுதி ஃப்ரீலான்ஸ் செய்யப் போகிறேன் என்று நீ சொன்னதும் பேசாமல் போனை வைத்துவிட்டேன். கோபமில்லை தம்பி, யோசிக்க இரண்டு நாள் வேண்டியிருந்தது.

ஒரே கணக்கைப் பல கணினிகளில் வைக்கிற அந்தப் பிளாக்செயின் எனக்குச் சீக்கிரமே புரிந்தது. நான் சீட்டுக் கட்டிப் பணம் இழந்தது உனக்குத் தெரியும். இருபது பேர் கட்டினோம், நோட்டு மட்டும் ஒருவரிடம். அவர் ஊரைவிட்டுப் போனபோது எங்கள் கணக்கும் கூடவே போனது. அதே கணக்கு இருபது வீட்டிலும் இருந்திருந்தால் யார் அழித்திருக்க முடியும்? நீ செய்யப்போவது அந்த வேலைதான் என்றால் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் நீ சொன்ன அந்த 2016 விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. எத்தீரியம் என்கிற பிளாக்செயினில் எல்லாரும் பணம் போட்டு வைத்த பொது நிதி, அதன் நிரலில் ஒரு பிழை, அங்கே காசாகப் புழங்கும் ஈதர் 36 லட்சம் போய்விட்டது. பிழை என்ன? பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, இருப்பை அப்புறம் குறைத்திருக்கிறது. குறைப்பதற்குள் திருடன் திரும்பத் திரும்பக் கேட்டு எடுத்துவிட்டான். கூட்டுறவுச் சங்கத்தில் நான் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. பணம் எடுக்கும் சீட்டு வந்தால் பேரேட்டைத் திற, இருப்பைப் பார், பற்று எழுது, அப்புறம்தான் பணத்தை எண்ணு. எதிரே நிற்பவர் சொந்த மாமாவாக இருந்தாலும் சரி. சங்கத்தில் தப்பாக எழுதினால் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போடலாம். உங்கள் பிளாக்செயினில் ஏற்றிய நிரலை அப்படித் திருத்த முடியாது என்கிறாய். அதனால்தான் ஏற்றுமுன் வரி வரியாகப் படித்துத் தணிக்கை செய்கிறவர்களைத் தேடுகிறார்கள். அந்தக் கண் உனக்கு உண்டு. சின்ன வயதில் என் பேரேட்டில் கூட்டல் தப்பைக் கண்டுபிடித்தவன் நீ. அந்த நிரலை எழுதும் மொழியான சாலிடிட்டியை அவசரப்படாமல் ஆழமாகப் படி.

கூலி விஷயத்தில் மட்டும் அம்மா பேச்சைக் கேள். டோக்கனாக, அதாவது கிரிப்டோ காசாகத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதே. தாத்தா காலத்தில் கூலி நெல்லாக வந்தது, விலை இறங்கினாலும் உலையில் போடலாம். டோக்கனை என்ன செய்வாய்? விற்று லாபம் வந்தால் 30 சதவீதம் வரி, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள். 2022 முதல் அதுதான் சட்டம். பணம் வங்கிக்கே வரட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் வங்கியில் சான்று வாங்கி வை. முழு வேலையும் முடித்துவிட்டுக் காசுக்குக் காத்திருக்காதே, கொஞ்சம் முன்பணம் கேள்.

ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டாயா? இல்லையென்றால் வெட்கப்படாமல் சொல், என் ஓய்வுப் பணம் அப்படியே இருக்கிறது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நடவு முடிந்ததும் அவரே உன்னைக் கூப்பிடுவார்.

பஸ்ஸில் அவலும் வடகமும் போட்டு அனுப்புகிறேன். மழை நாளில் டப்பாவைத் திறந்து வைக்காதே.

அன்புடன்,
அம்மா